ஆயிரம் கஜம்

1964 செப்டம்பர் 6, ஞாயிற்றுக்கிழமை, நாகாலாந்தில் போர்நிறுத்தம் அமலுக்கு வந்தது. இந்திய ராணுவத்துக்கும் தலைமறைவாக இயங்கிய நாகா கூட்டாட்சி அரசின் படைக்கும் எட்டாண்டுகளாக நடந்துவந்த சண்டை ஒரு மாத காலத்துக்கு என்று சொல்லி நிறுத்தப்பட்டது. அந்த ஒரு மாதம் தவணை தவணையாக நீண்டு எட்டு வருஷம் நின்றது.

ஷரத்துகளைப் படித்துப் பார்க்கவேண்டும். ராணுவம் தன் காவல்நிலைகளிலிருந்து ஆயிரம் கஜத்துக்கு அப்பால் ரோந்து போகாது. காட்டுக்குள் தேடுதல் இல்லை. கிராமங்களைச் சோதனையிடுவதில்லை. விமானத்திலிருந்து தாக்குவதில்லை. தண்டனையாக ஊராரை வேலை வாங்குவதில்லை. மறுதரப்பும் அதேபோல ஒப்புக்கொண்டது: பதுங்கியிருந்து சுடுவதில்லை, அபராதம் வசூலிப்பதில்லை, ஆள் கடத்துவதில்லை, படைக்கு ஆள் பிடிப்பதில்லை, சீருடையோடோ ஆயுதத்தோடோ ஊர்களுக்குள் வருவதில்லை, காவல்நிலைகளுக்கு ஆயிரம் கஜத்துக்குள் நெருங்குவதில்லை.

இனிச் செய்யமாட்டோம் என்று இரு தரப்பும் எழுதிக்கொடுத்தவை யாவும் அதுவரை செய்யப்பட்டுவந்தவை. போர் நடந்த காலத்தில் எந்த அறிக்கையிலும் ஒப்புக்கொள்ளப்படாத காரியங்கள் போரை நிறுத்தும் காகிதத்தில் ஒரு ஜாபிதாவாக வந்து உட்கார்ந்துவிட்டன. இன்னொன்றும் கவனத்துக்குரியது. இந்த ஷரத்துகளில் சிப்பாயும் கெரில்லாவும் ஒருவரையொருவர் சுட்டுக்கொள்வதைப் பற்றியவை குறைவு. வீட்டைச் சோதனையிடுவது, அபராதம், ஆள் பிடிப்பது, கட்டாய வேலை—பெரும்பாலானவை கையெழுத்துப் போடாத மூன்றாம் தரப்பைப் பற்றியவை. யாருக்கு எதிராக அந்தப் போர் நடந்தது என்பதை அந்தக் காகிதம் தன்னை அறியாமல் சொல்லிவிடுகிறது.

நாகாலாந்துச் சமாதானம் பற்றி எழுதியவர்களில் அநேகர் அதைத் தோல்வியுற்ற ஒரு பேச்சுவார்த்தையாகவே கணித்திருக்கிறார்கள். டெல்லிக்கு அது பிரிவினைவாதிகளுக்குக் கிடைத்த ஓய்வு. நாகா தேசியவாதிகளில் ஒரு சாராருக்கு அது டெல்லி விரித்த வலை. இரண்டு பார்வைக்கும் பொதுவாக இருப்பது ஒன்று உண்டு: ஆயிரம் கஜத்துக்கு வெளியே வாழ்ந்தவர்களின் எட்டு வருஷத்தை இரண்டுமே கணக்கில் எடுப்பதில்லை. அந்தக் கணக்கை எடுக்காத வரலாறு எந்த அளவுக்கு வரலாறு என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

*

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லலாம். 1951-இல் நாகா தேசிய கவுன்சில் தானே நடத்திய வாக்கெடுப்பு சுதந்திரம் கேட்டது. டெல்லி அதை ஏற்கவில்லை. 1956 மார்ச்சில் கூட்டாட்சி அரசு பிரகடனம் செய்யப்பட்டது, ராணுவம் மலையேறிற்று. அதற்கு இரண்டு மாதம் முன்பே, ஜனவரியில், கவுன்சிலின் செயலாளராக இருந்து பின்பு வன்முறைப் பாதையை எதிர்த்த டி. சாக்ரி கொல்லப்பட்டிருந்தார். சொந்தத் தரப்புக்குள்ளிருந்து வேறு குரலில் பேசியவனை முதலில் ஒழித்துக்கட்டிவிட்டே எதிரியோடு போர் தொடங்குகிறது. நம் காலத்துப் போர்கள் பலவற்றுக்கும் இந்த வரிசைக்கிரமம் பொருந்தும். தமிழ் வாசகர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

அதன்பின் வந்த ஆண்டுகளில் கிராமங்கள் எரிக்கப்பட்டன. தானியக் குதிர்கள் எரிக்கப்பட்டன. பல ஊர்களின் மக்கள் பெயர்த்தெடுக்கப்பட்டு வேலியடைத்த இடங்களில் ஒன்றாகக் குவிக்கப்பட்டார்கள். போராளிகளுக்குச் சோறும் சேதியும் போகாமல் தடுப்பது நோக்கம். வயல் வேலிக்கு வெளியே கிடந்தது, வயிறு வேலிக்கு உள்ளே. 1958-இல் ஆயுதப்படைகள் சிறப்பு அதிகாரச் சட்டம் வந்தது. சந்தேகத்தின் பேரில் சுடலாம். சுட்டவன்மீது மத்திய அரசின் அனுமதி இல்லாமல் வழக்குத் தொடர முடியாது. 1960 ஆகஸ்டில் விமானப்படையின் டகோட்டா ஒன்று வீழ்த்தப்பட்டு, அதிலிருந்தவர்கள் சிறைபிடிக்கப்பட்டார்கள். அதைத் தொடர்ந்த தேடுதலின்போது மதிக்ரு என்ற சிற்றூரில் ஒன்பது ஆண்கள் கொல்லப்பட்டார்கள். அந்த நாள் 1960 செப்டம்பர் 6. சரியாக நான்கு வருஷம் கழித்து அதே தேதியில் போர்நிறுத்தம் வந்தது. இது தற்செயல்தான். ஆனால் மதிக்ருவில் அந்தத் தேதிக்கு ஒரே ஒரு அர்த்தம் மட்டும் இருக்க முடியாது.

1963 டிசம்பர் 1-இல் நாகாலாந்து தனி மாநிலமாயிற்று. பதினாறு அம்ச உடன்பாட்டின் விளைவு அது. ஆயுதம் தாங்கியவர்கள் அந்த உடன்பாட்டுக்கு வெளியே இருந்தார்கள். மாநிலம் பிறந்த பின்னும் சண்டை தொடர்ந்தது.

*

சமாதான முயற்சி கோஹிமாவின் மந்திரி சபையிலிருந்தோ டெல்லியிலிருந்தோ தொடங்கவில்லை. 1964-இன் தொடக்கத்தில் வோக்காவில் கூடிய நாகா பாப்டிஸ்ட் சபைகளின் மாநாடு ஒரு சமாதானக் குழுவை வேண்டிற்று. மதநிறுவனம் அரசியலில் நுழைவதை நவீன மனம் சந்தேகத்தோடுதான் பார்க்கும். பார்க்கவும் வேண்டும். ஆனால் அன்றைய நாகா மலைகளில் எல்லா ஊருக்கும் போக முடிந்த, எல்லாத் தரப்பும் வந்து உட்கார்ந்த ஒரே ஸ்தாபனம் சபைதான். தலைமறைவு அரசின் தளபதிக்கும், மாநில அரசின் குமாஸ்தாவுக்கும், இருவராலும் அடிபட்ட குடியானவனுக்கும் ஒரே போதகர் இருக்கக்கூடிய சமூகம் அது. செத்தவன் எந்தத் தரப்பு என்று கேட்காமல் புதைக்கவேண்டிய கடமை அவருக்கு இருந்தது. போரைப் பற்றி மொத்தமாக அறிந்தவர் அவர் ஒருவரே என்று சொல்லலாம்.

குழுவில் மூவர்: ஜெயப்பிரகாஷ் நாராயணன், அசாம் முதலமைச்சர் பிமலா பிரசாத் சாலிஹா, இங்கிலாந்துப் பாதிரியார் மைக்கேல் ஸ்காட். விசித்திரமான சேர்க்கை. கட்சி அரசியலைத் துறந்த ஒரு சர்வோதயவாதி. ராணுவ நடவடிக்கைகளில் பங்கிருந்த ஒரு மாநிலத்தின் முதலமைச்சர். பிஸோ லண்டன் சேர உதவிய, ஆகவே டெல்லியின் சந்தேகத்துக்குரிய ஒரு வெளிநாட்டார். மூவரில் யாரையும் நடுநிலையாளர் என்று சொல்ல முடியாது. அதுவே பலமாகவும் இருந்திருக்கலாம். ஒவ்வொரு தரப்பும் தனக்கு நம்பிக்கையான ஒருவரையாவது அந்தக் குழுவில் காண முடிந்தது. நடுநிலை என்பது ஒரு மனிதரின் குணம் என்று நாம் எண்ணிப் பழகியிருக்கிறோம். இங்கு அது வெவ்வேறு சாய்வுள்ளவர்கள் ஒரே அறையில் இருக்கச் சம்மதித்ததால் உண்டான ஓர் ஏற்பாடு.

கோஹிமாவை அடுத்த செடெமாவில் பேச்சு தொடங்கிற்று. 1964 டிசம்பர் 20-இல் குழு தன் யோசனைகளை எழுதி முன்வைத்தது. அதன் சாரம் இது: நாகா மக்களின் சுயநிர்ணய விருப்பத்தைக் குழு மதிக்கிறது, இந்திய அரசின் நிலையையும் அறிகிறது, நாகா கூட்டாட்சி அரசு தன் சுயவிருப்பத்தால் இந்திய ஒன்றியத்தில் பங்கேற்க முடிவுசெய்யலாம், அதற்கேற்ப உறவின் வடிவத்தை எவ்வளவு மாற்றலாம் என்று இந்தியா யோசிக்கலாம்.

‘சுயவிருப்பத்தால்’ என்ற அந்த ஒரு சொல்லின்மேல்தான் முழு சமாதானமும் நின்றது. டெல்லி அந்த வாக்கியத்தில் ‘இந்திய ஒன்றியம்’ என்பதைப் படித்தது. நாகாக்கள் ‘சுயவிருப்பம்’ என்பதைப் படித்தார்கள். சுயவிருப்பம் என்றால் மறுக்கவும் உரிமை உண்டு, ஆகவே வாக்கெடுப்பு நடத்துங்கள் என்றார்கள். கவிதையில் பொருள்மயக்கம் ஒரு வளம். சமாதான உடன்படிக்கையில் அது கடன். என்றாவது ஒருநாள் வட்டியோடு கேட்பார்கள். ஆனால் கடன் வாங்காமல் அந்த வருஷத்தை ஓட்டியிருக்க முடியுமா என்பதையும் யோசிக்கவேண்டும். சொல் தெளிவாக இருந்திருந்தால் பேச்சு டிசம்பரிலேயே முறிந்திருக்கும்.

பேச்சு முறியாமல் இழுபட்டது. 1966 பிப்ரவரியில் ஜெயப்பிரகாஷ் விலகினார். அசாமில் ரயில்களில் குண்டு வெடித்தபின் சாலிஹா விலகினார். மே மாதத்தில் ஸ்காட் நாட்டைவிட்டு அனுப்பப்பட்டார். குழு கலைந்தது. இந்திரா காந்தியோடு ஆறு சுற்றுப் பேச்சு 1967 வரை நடந்து முடிவின்றி நின்றது. பெரிய பெயர்களின் கதை இத்தோடு முடிகிறது. ஆச்சரியம் என்னவென்றால் போர்நிறுத்தம் முடியவில்லை. அதன்பின் இன்னும் ஐந்து வருஷம் அது நீடித்தது. எதன்மேல் நின்றது?

*

சமாதானப் பார்வையாளர் குழு என்று ஒன்று இருந்தது. போர்நிறுத்தம் மீறப்பட்டதாக யாராவது புகார் சொன்னால் அந்த இடத்துக்குப் போய் விசாரிப்பது, இரு தரப்பிடமும் பேசுவது, எழுதிவைப்பது அதன் வேலை. கோஹிமாவில் ஒரு சமாதான மையம் அமைந்தது. அங்கே எட்டு வருஷம் இருந்தவர் கோவையிலிருந்து போன கல்வியாளர் மு. அறம். அறுபதுகளின் நடுவில் அவரோடு பணிசெய்தவர்களில் ஒருவர் மார்ஜரி சைக்ஸ். 1928-இல் சென்னைக்குப் பள்ளி ஆசிரியையாக வந்து தமிழ் கற்று, காந்தியின் ஆதாரக் கல்வியில் ஈடுபட்டு, கோத்தகிரியில் தங்கி சாந்தி சேனைத் தொண்டர்களுக்குப் பயிற்சி அளித்தவர், குவேக்கர் சமயத்தவர். அறம் 1974-இல் அந்த எட்டு வருஷக் கதையை ஆங்கிலத்தில் நூலாக எழுதினார். நம் இலக்கியப் பேச்சில் அந்தப் புத்தகம் அடிபட்டதில்லை. போர் பற்றிய எழுத்துக்கு நம்மிடம் உள்ள ஆவல், போர் நடக்காமல் பார்த்துக்கொண்ட எழுத்துக்கு இல்லை.

இதைப் பழக்கதோஷம் என்றுகூடச் சொல்லலாம். பகைவன் நாட்டை எரித்ததைப் பாடுவதற்கு நம் புறத்திணையில் துறை உண்டு. போரிடும் இருவருக்கிடையே போய் நின்று சந்து செய்விப்பதற்கும் துணைவஞ்சி என்ற துறை உண்டு. நலங்கிள்ளிக்கும் நெடுங்கிள்ளிக்கும் நடுவே கோவூர்கிழார் நின்றார். யானைக்காலில் இடப்படவிருந்த மலையமானின் பிள்ளைகளுக்காகவும் அவரே பேசினார். எரித்ததைப் பாடிய பாட்டுகள் அதிகம். தடுத்ததைப் பாடியவை சில. பின்னால் பரணி வந்தது; துணைவஞ்சிக்கு வாரிசு வரவில்லை.

பார்வையாளரின் வேலையில் கதாநாயகத்தனம் கிடையாது. ஒரு புகார் வருகிறது: இன்ன ஊருக்குள் சிப்பாய்கள் வந்தார்கள், இன்ன ஊரில் வரி கேட்டார்கள். நடந்து போகவேண்டும். கேட்டுக்கொள்ளவேண்டும். இரு பக்கமும் பொய் சொல்லும். பயத்தால் ஊராரும் பாதி சொல்லி நிறுத்துவார்கள். எழுதி அனுப்பவேண்டும். பதில் வராது. மறுபடி எழுதவேண்டும். இவர்கள் கையில் ஆயுதம் இல்லை; தண்டிக்கும் அதிகாரம் இல்லை. நடந்ததை ஒருவர் வந்து கேட்பார் என்ற எண்ணத்தை மட்டும் இரு தரப்பு ஆயுததாரிகள் மனத்திலும் இருத்த அவர்களால் முடிந்தது. சிவில் மக்களைப் பாதுகாப்பது என்று இன்று உலக நிறுவனங்கள் பெரிய சொற்களில் பேசுவதன் அடிப்படை இதுதான். சாட்சி இருக்கும் இடத்தில் கொலைக்கு யோசிக்கவேண்டியிருக்கிறது. 1981-இல் கனடாவில் கூடி, ஆபத்திலிருப்பவர்களுக்குக் கூடத் துணையாக இருப்பதற்கென்றே சர்வதேச சமாதானப் படையணிகளைத் தோற்றுவித்தவர்களில் சாந்தி சேனையின் நாராயண் தேசாயும் ஒருவர். அந்த அமைப்பு 1989 முதல் 1998 வரை இலங்கையிலும், 1994 முதல் கொலம்பியாவிலும் வேலை செய்தது. பிற்பாடு முறைமையாக வளர்ந்த ஒன்றை, கோஹிமா மையம் அதற்குப் பெயர் வருமுன்பே செய்துகொண்டிருந்தது.

எதிர்வாதம் உண்டு, பலமானதும்கூட. அந்த எட்டு வருஷத்தில் நாகா அணிகள் கிழக்குப் பாகிஸ்தானுக்கும் சீனாவுக்கும் போய் ஆயுதம் கொண்டுவந்தன. ராணுவம் தன் நிலைகளை உறுதிப்படுத்திக்கொண்டது. 1968-இல் ஜோட்சோமாவில் மோதல் நடந்தது. அதே ஆண்டு இயக்கம் உடைந்து போட்டி அரசு ஒன்று தோன்றிற்று. ஆகவே அது சமாதானமல்ல, அடுத்த சுற்றுக்கான ஆயத்தம் என்பார்கள். படைகளைப் பொறுத்தவரை இது உண்மை. ஊர்களைப் பொறுத்தவரை உண்மையா? ஜூம் வயலில் விதைத்தவனே அறுத்தான் என்பது படைத்தலைமையின் வரைபடத்தில் ஒரு புள்ளியாகக்கூட விழாது. எரிந்த ஊரை மறுபடி கட்டுவதற்கும், ஒரு குழந்தை பள்ளிக்கூடத்தில் எட்டு வகுப்பு ஏறுவதற்கும் எட்டு வருஷம் போதுமானது. தீர்வுக்கு இட்டுச்செல்லாத சமாதானம் வீண் என்பவர்கள், மனித வாழ்வைத் தீர்வுக்கான காத்திருப்பாக மட்டுமே பார்க்கிறார்கள்.

*

1972 ஆகஸ்ட் 8-இல் முதலமைச்சர் ஹோகிஷே செமாவின் வாகனத்தைப் பதுங்கித் தாக்கினார்கள். செப்டம்பர் தொடக்கத்தில் டெல்லி போர்நிறுத்தத்தை முடித்துக்கொண்டது. நாகா தேசிய கவுன்சிலும் கூட்டாட்சி அரசும் தடைசெய்யப்பட்டன.

மூன்றாண்டு கழித்து நடந்தது இன்னும் கசப்பானது. 1975 நவம்பர் 11-இல், நெருக்கடி நிலையின் நடுவில், ஷில்லாங் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. தலைமறைவு அமைப்புகளின் பிரதிநிதிகளாகக் கையெழுத்திட்டவர்கள் இந்திய அரசியல் சட்டத்தை நிபந்தனையின்றி ஏற்பதாகவும் ஆயுதங்களை ஒப்படைப்பதாகவும் சம்மதித்தார்கள். ‘சுயவிருப்பத்தால்’ என்பது அதிலும் இடம்பெற்றது; 1964-இன் சொல், பொருள் உருவப்பட்டு. இந்தப் பேச்சுக்குத் தூது போனவர்கள் சமாதான மன்றத்தைச் சேர்ந்தவர்கள். போதகர் லோங்ரி ஆவ் இருந்தார், அறமும் இருந்தார். 1964-இல் அந்தச் சொல்லை எழுதிய குழுவிலிருந்த ஜெயப்பிரகாஷ் அன்று இந்திராவின் காவலில் கைதி. கையெழுத்தான மறுநாள்தான் அவர் பரோலில் விடப்பட்டார்.

தூது போனவர்களின் நேர்மையைச் சந்தேகிக்க இடமில்லை. மறுபடி ஊர்கள் எரிவதைவிட எந்த உடன்பாடும் மேல் என்று அவர்கள் எண்ணியிருக்கலாம். ஆனால் ஒரு தரப்பு முழு அதிகாரத்தோடும் மறுதரப்பு தோல்வியின் விளிம்பிலும் இருக்கையில், நடுவில் நிற்பவரின் நல்ல பெயரையே பலமுள்ளவன் செலவழித்துக்கொள்கிறான். எட்டு வருஷம் ஊர் ஊராக நடந்து சேர்த்த நம்பிக்கை ஒரு கையெழுத்தில் தீர்ந்துபோயிற்று. உடன்படிக்கையை ஏற்காதவர்கள் 1980-இல் நாகாலாந்து தேசிய சோஷலிஸ்ட் கவுன்சிலைத் தொடங்கினார்கள். 1988-இல் அதுவும் இரண்டாக உடைந்தது. அதன்பின் நடந்தது பங்காளிச் சண்டை. நாகாவை நாகா வேட்டையாடினான். சபைப் போதகரின் குரலுக்கும் பழைய கனம் இல்லை.

*

அந்த இடைவெளியில் பெண்கள் வந்தார்கள். நாகா அன்னையர் சங்கம் 1984-இல் கோஹிமாவில் தோன்றிற்று. குடியும் போதைமருந்தும் பிள்ளைகளைத் தின்றதை எதிர்த்துத்தான் முதலில் கிளம்பினார்கள். பிறகு துப்பாக்கி தின்றதையும் கேட்கவேண்டியதாயிற்று. 1994-இல் ‘இனி இரத்தம் சிந்தாதே’ என்ற இயக்கத்தைத் தொடங்கினார்கள். ராணுவத்திடமும் போனார்கள், காட்டுக்குள் இரு அணிகளின் தலைவர்களிடமும் போனார்கள். கேட்பாரற்றுக் கிடந்த உடல்களை, எந்த அணி என்று பாராமல், மரபான சால்வை போர்த்தி அடக்கம் செய்தார்கள். நாகாக்களிடையே சால்வை துணி மட்டுமல்ல. குலத்தையும் நிலையையும் சொல்வது. துரோகி என்று கொல்லப்பட்டவனுக்கு அதைப் போர்த்துவது அவனை மறுபடி ஊரானாக்குவது. சங்கத்தின் ஆரம்பகர்த்தாக்களில் ஒருவரான நெய்துனுவோ அங்கமிக்கு 2000-இல் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது.

இதற்கு மரபில் வேர் உண்டு. தங்குல் நாகாக்களிடையே ஓர் ஊரில் பிறந்து இன்னோர் ஊரில் வாழ்க்கைப்பட்ட பெண் இரு ஊருக்கும் நடுவே போர் வந்தால் இடையில் போய் நிற்கலாம், அவள்மேல் கைவைக்கக்கூடாது. புக்ரெய்லா என்று அவளுக்குப் பெயர். இரண்டு ஊருக்கும் சொந்தமானவள் என்பதால் அந்த அதிகாரம்.

அந்த அதிகாரத்தின் எல்லையையும் பார்த்துவிடவேண்டும். தாயாக வந்து கெஞ்சினால் துப்பாக்கி தாழ்கிறது. பிரஜையாக வந்து இடம் கேட்டால் கதவு மூடுகிறது. நகரசபைகளில் பெண்களுக்கு மூன்றிலொரு பங்கு என்ற சட்டத்தை ‘மரபுக்கு விரோதம்’ என்று எதிர்த்து 2017-இல் கோஹிமாவில் நகரசபைக் கட்டடத்துக்கே தீ வைத்தார்கள். அந்த ஒதுக்கீட்டோடு தேர்தல் நடந்தது 2024 ஜூனில். மாநிலம் தோன்றி அறுபதாவது வருஷமாகிய 2023-இல்தான் சட்டசபைக்கு முதன்முதலாக இரண்டு பெண்கள் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். பிணத்துக்குச் சால்வை போர்த்த அழைக்கப்பட்டவர்கள் சாலை போடுவது பற்றிப் பேச அழைக்கப்படவில்லை.

*

1997-இல் மறுபடி போர்நிறுத்தம் வந்தது. 1964-க்கும் இதற்கும் ஒரு வித்தியாசம். அன்று மேற்பார்வை செய்தவர்களில் ஒரு பள்ளி ஆசிரியையும் கோவைக் கல்வியாளரும் இருந்தார்கள். இன்று கண்காணிப்புக் குழுவின் தலைமை ஓய்வுபெற்ற ராணுவ ஜெனரல்களுக்குப் போயிற்று. ஆயுதம் தாங்கிய இரு தரப்பு ஒன்றையொன்று மேற்பார்க்கும் ஏற்பாடாக அது சுருங்கிற்று. ஊர், பார்வையாளரின் கண்ணிலிருந்து விலகிற்று.

2021 டிசம்பர் 4 மாலை, மோன் மாவட்டத்தின் ஓட்டிங் கிராமத்துக்கு, நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை முடித்து ஒரு வண்டியில் திரும்பிக்கொண்டிருந்தவர்களை ராணுவத்தின் சிறப்புப் படை தீவிரவாதிகள் என்று கருதிச் சுட்டது. ஆறு பேர் இறந்தார்கள். தேடிவந்த ஊரார் படையினரோடு மோத, மேலும் ஏழு பேரும் ஒரு சிப்பாயும் இறந்தார்கள். மறுநாள் மோன் நகரில் இன்னொருவர். மாநிலக் காவல்துறை முப்பது ராணுவத்தார்மேல் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது. வழக்குத் தொடர மத்திய அரசு அனுமதி மறுத்தது. 2024 செப்டம்பரில் உச்சநீதிமன்றம் நடவடிக்கைகளை முடித்துவைத்தது. 1958-இன் சட்டம் எதற்காக எழுதப்பட்டதோ அதைச் செவ்வனே செய்தது.

1964-இன் ஆயிரம் கஜம் இருந்திருந்தால் ஓட்டிங் நடந்திருக்காது என்று சொல்வது எளிது. வரலாறு அப்படி ஓடுவதில்லை. ஆனால் அந்த ஆயிரம் கஜம் ஒரு கருத்தாக என்னவென்று இப்போது தெளிவாகச் சொல்ல முடியும். இந்தக் கோட்டுக்கு அப்பால் ஒருவன் சாயங்காலம் வேலை முடித்து வீட்டுக்குப் போகிறான், அவனை யாரென்று கேட்கும் உரிமை உனக்கு இல்லை என்று ஆயுதம் வைத்திருப்பவனிடம் சொல்வது அது. இரு தரப்பிடமும் சொல்வது. அதை அளந்தவர்கள் போதகர்களும் வாத்தியார்களும். பிற்பாடு அந்த வேலையை ஏற்றவர்கள் தாய்மார்கள். தீர்வு அவர்கள் கையில் இல்லை. எந்த ஊரும் ராணுவ வாகனச் சத்தத்துக்கு விழித்துக்கொள்ளாத இரவுகளைக் கொஞ்சம் கூட்டிக்கொடுக்க அவர்களால் முடிந்தது. வரலாற்றாசிரியர்கள் தோல்வி என்று எழுதும்போது, அந்த இரவுகளையும் எண்ணிவிட்டு எழுதட்டும்.